18,000 டாலர் கட்டினால் சம்பளம் கூடுமா? மெடிக்கல் அசிஸ்டென்ட் படிப்பும் கலிபோர்னியா கணக்கும்

கேள்வி: கலிபோர்னியாவில் ஃப்ரீமான்டில் இருக்கிறோம். கணவருக்கு ஹெச்-1பி வேலை விசா, ஆண்டுச் சம்பளம் 1,60,000 டாலர். எனக்கு ஹெச்-4 (துணைவர் விசா) இஏடி, அதாவது வேலை அனுமதி அட்டை, இப்போதுதான் கைக்கு வந்தது. மூன்று வயதில் ஒரு மகன். டே கேரில் விட்டால் மாதம் 1,800 டாலர். ஊரில் பி.காம். முடித்தேன். ஒன்பது மாத மெடிக்கல் அசிஸ்டென்ட் சர்டிஃபிகேட்டுக்கு ஒரு தனியார் கல்லூரியில் 18,000 டாலர் கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சேர்ந்தால் 1,500 குறைப்பார்களாம். போட்ட பணம் திரும்ப வருமா?

பதில்: முதலில், வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடாதீர்கள். அந்தத் தள்ளுபடி அடுத்த மாதமும் இருக்கும். உங்களிடம் பேசுபவர் ‘அட்மிஷன்ஸ் அட்வைசர்’ என்று சொல்லிக்கொண்டாலும் அவர் வேலை விற்பனைதான்.

நீங்கள் கட்டும் ஃபீசுக்கும் வாங்கப்போகும் சம்பளத்துக்கும் தொடர்பே கிடையாது. கலிபோர்னியாவில் மெடிக்கல் அசிஸ்டென்டுக்கு மாநில லைசென்ஸ் இல்லை. சட்டம் கேட்பது பயிற்சியை மட்டும்: ஊசி போடுவதற்கு 10 மணி நேரம், ரத்தம் எடுப்பதற்கு 10 மணி நேரம், மூச்சுவழி மருந்து கொடுப்பதற்கு 10 மணி நேரம். அதோடு தசை, தோலடி, தோலினுள் என்று ஊசி வகைக்குப் பத்துப் பத்து முறை. ரத்தக் குழாயில் 10 முறை, விரல் நுனியில் 10 முறை ரத்தம் எடுத்துக் காட்ட வேண்டும். இதை டாக்டரே தன் கிளினிக்கில் கற்றுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டாலும் செல்லும். பெரிய மருத்துவமனைகள் இதற்கு மேல் ஒரு தேசியச் சான்று எதிர்பார்க்கும். சிசிஎம்ஏ, ஆர்எம்ஏ, சிஎம்ஏ மூன்றில் ஒன்று இருந்தால் போதும். எந்தக் கல்லூரியில் எவ்வளவு கட்டினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

வரவைப் பார்ப்போம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 மே கணக்கில் இந்த வேலையின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 44,200 டாலர், அதாவது மணிக்கு 21 டாலர் சொச்சம். கலிபோர்னியாவில் பெரிய மருத்துவமனைக் குழுமங்களில் 2024 அக்டோபரிலேயே குறைந்தபட்சக் கூலி 23 டாலர் ஆகிவிட்டது. ஆனால் சின்ன டாக்டர் கிளினிக்குகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பர்கர் கடைச் சங்கிலியில் 20 டாலருக்குக் குறைந்து கொடுக்கக் கூடாது என்ற சட்டத்தை 2024 ஏப்ரலிலேயே அமலாக்கிய மாநிலம், சின்ன கிளினிக்கில் ஊசி போடுகிறவரை அதற்கும் கீழே விட்டுவைத்திருக்கிறது. இதை எந்த அட்வைசரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்.

21 டாலரை வைத்தே போடுவோம். ஆண்டுக்கு 2,080 மணி நேரம் என்றால் 43,680. அது அப்படியே கைக்கு வராது. கணவர் சம்பளத்துக்கு மேல் உட்காருவதால் உங்கள் முதல் டாலருக்கே மத்திய வரி 22 சதவீதம், மாநில வரி 9.3, சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் 7.65, மாநிலக் காப்பீட்டுப் பிடித்தம் ஒன்றே கால் என்று சுமார் 40 சதவீதம் போய்விடும். மிச்சம் 26,200. டே கேருக்கு ஆண்டுக்கு 21,600. ஆக, கையில் நிற்பது 4,600 டாலர். 18,000 திரும்பி வர ஏறக்குறைய நான்கு வருடம்!

இதே படிப்பு அரசு நடத்தும் கம்யூனிட்டி காலேஜில் யூனிட்டுக்கு 46 டாலர். 36 யூனிட் என்று வைத்தால் 1,656. புத்தகம், ஸ்க்ரப்ஸ் சீருடை, முதலுதவி கார்டு, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்ந்தும் 3,000-க்குள் அடங்கும். போட்ட பணத்தை எட்டு மாத வேலையில் திரும்ப எடுத்துவிடலாம். அரசுப் பள்ளி மாவட்டங்கள் நடத்தும் அடல்ட் ஸ்கூல்களையும் விசாரியுங்கள். மலிவு, பகுதி நேரமும் உண்டு. ‘அங்கே போனால் ஆறு மாதம் கூடுதல், ஆறு மாதச் சம்பளம் 20,000 டாலர் போச்சு’ என்பார் அட்வைசர். உங்கள் கணக்கில் ஆறு மாதத் தாமதத்தின் விலை 2,300 டாலர். தவிர, நான்கு வயது நிரம்பும் எல்லாக் குழந்தைகளுக்கும் 2025–26 முதல் அரசுப் பள்ளியில் டிகே (கின்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்பு) இலவசம். செப்டம்பர் 1-க்குள் மகனுக்கு நாலு நிரம்பும் வருடத்தில் நீங்கள் வேலையில் சேர்கிற மாதிரி படிப்பைத் திட்டமிட்டால் 21,600-ல் பெரும்பகுதி மிஞ்சும். தாமதமே உங்களுக்கு லாபம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, அதை விரிவாகச் சொல்ல வேண்டும். 46 டாலர் என்பது மாநிலவாசிக்கு. வெளியார் என்று பதிந்துவிட்டால் யூனிட்டுக்கு 300, 400 டாலர் கூடுதலாக ஏறி, தனியார் கல்லூரி விலைக்கே வந்துவிடும். ‘விசாவில் இருப்பவர் எல்லாம் வெளியார்’ என்று கவுன்ட்டரில் சொல்வார்கள். தவறு. எஃப்-1 (மாணவர்), ஜே-1 (பரிமாற்றத் திட்டம்), பி-2 (சுற்றுலா) விசா வைத்திருப்பவர்கள் மாநிலவாசி ஆக முடியாது. ஹெச்-1பி துணைவரான ஹெச்-4 ஆகலாம். வகுப்பு தொடங்குவதற்கு முன் ஒரு வருடமும் ஒரு நாளும் கலிபோர்னியாவில் குடியிருந்திருக்க வேண்டும். இங்கேயே இருக்கும் எண்ணத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டும். மாநில வரிக் கணக்கான ஃபார்ம் 540 (உங்கள் பெயரும் அதில் இருக்க வேண்டும்), கலிபோர்னியா டிரைவிங் லைசென்ஸ், இரண்டு பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு), விசா அனுமதிக் கடிதம். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். விண்ணப்பத்தில் தவறான விசா வகையைத் தேர்ந்தெடுத்ததால் மட்டுமே வெளியார் ஆனவர்கள் நிறைய. கவுன்ட்டரில் மறுத்தால் ரெசிடென்சி மறுபரிசீலனைப் படிவம் கேளுங்கள். நாலு ஊழியர்கள் நாலு பதில் சொல்லும் இந்த அலைச்சல் எரிச்சலூட்டும்தான். ஆனால் அந்த ஒரு படிவத்தின் மதிப்பு பத்தாயிரம் டாலருக்கு மேல்.

இனி தரகர்கள். இணையத்தில் ‘அருகில் உள்ள மெடிக்கல் அசிஸ்டென்ட் கல்லூரி’ என்று தேடினால் முதலில் வரும் படிவங்கள் பலவும் கல்லூரியுடையவை அல்ல. உங்கள் போன் நம்பரை விற்கிறவர்களுடையவை. ஐந்து நிமிடத்தில் நாலு கல்லூரியிலிருந்து அழைப்பு வரும். நம் வாட்ஸ்அப் குழுக்களில் ‘எக்ஸ்டர்ன்ஷிப் (கிளினிக்கில் செய்யும் நேரடிப் பயிற்சி) இடம் வாங்கித் தருகிறேன், 800 டாலர்’ என்று வருபவர்களுக்கு ஒரு சென்ட்கூடக் கொடுக்காதீர்கள். இடம் பிடித்துத் தருவது கல்லூரியின் பொறுப்பு. எத்தனை மணி நேரம், யார் ஏற்பாடு, எத்தனை நாளுக்குள் என்பதை ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். ‘நாங்கள் அங்கீகாரம் பெற்றவர்கள்’ என்றால், எதற்கு என்று கேளுங்கள். கல்லூரிக்கு இருக்கும் அங்கீகாரம் வேறு, இந்தப் படிப்புக்கு இருக்கும் அங்கீகாரம் வேறு. சிஎம்ஏ தேர்வு எழுத நினைத்தால் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் காஹெப் அல்லது ஏபிஹெஸ் அமைப்பின் பட்டியலில் இந்தப் படிப்பு இருக்கிறதா என்று நீங்களே அந்தத் தளத்தில் பாருங்கள்.

தனியார் கல்லூரிதான் என்று முடிவெடுத்தாலும், கையெழுத்துக்கு முன் ‘ஸ்கூல் பெர்ஃபார்மன்ஸ் ஃபேக்ட் ஷீட்’ கேளுங்கள். கலிபோர்னியாவில் தனியார் கல்லூரிகளைக் கண்காணிக்கும் அலுவலகத்தின் விதி அது. அதில் ‘வேலை கிடைத்தோர் 80 சதவீதம்’ என்றிருந்தால் மயங்க வேண்டாம். எத்தனை பேரை ‘வேலைக்குத் தயாராக இல்லாதவர்’ என்று கணக்கிலிருந்தே கழித்தார்கள், வாரம் 30 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை பார்ப்பவர் எத்தனை, அந்தக் கல்லூரியே வேலைக்கு வைத்துக்கொண்டவர் எத்தனை என்று கீழே உள்ள கட்டங்களைப் பாருங்கள். சேர்ந்துவிட்டு மனம் மாறினால், முதல் வகுப்பு நாள் அல்லது சேர்ந்த ஏழாம் நாள், எது பிந்தையதோ அதுவரை எழுத்தில் ரத்து செய்யலாம். அதிகபட்சம் 250 டாலர்தான் பிடிக்க முடியும். போனில் சொன்னது செல்லாது.

கடன் விஷயத்தில் உங்கள் நிலை இன்னும் கடினம். கொரிந்தியன் காலேஜஸ் என்ற தொடர் கல்லூரி 2015-ல் மூடியபின், அங்கே படித்த 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை மத்திய அரசு 2022 ஜூனில் தள்ளுபடி செய்தது. அது மத்தியக் கடன். ஹெச்-4-க்கு மத்தியக் கடன் கிடையாது. கல்லூரியின் சொந்தத் தவணையிலோ தனியார் கடனிலோ மாட்டிக்கொண்டால் அப்படி ஒரு தள்ளுபடி உங்களைத் தேடி வராது.

நர்ஸ் ஆவதற்கு இது முதல் படி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த மணி நேரங்கள் ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்) படிப்பில் கழியாது. நர்ஸ்தான் ஆசை என்றால் கம்யூனிட்டி காலேஜில் உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் பாடங்களை நேரடியாக எடுங்கள்.

இஏடி முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். 2025 அக்டோபர் 30 முதல் புதுப்பிக்க விண்ணப்பிப்போருக்கு தானியங்கி நீட்டிப்பு இல்லை. கார்டு காலாவதியானால் அன்றே வேலையை நிறுத்த வேண்டும். 180 நாள் முன்பே அனுப்பலாம், அந்த முதல் நாளிலேயே அனுப்புங்கள்.

எக்ஸ்டர்ன்ஷிப்புக்குப் பலருக்கும் தாமதமாவது பாடத்தால் அல்ல, தடுப்பூசிச் சீட்டால். ஹெபடைடிஸ் பி மூன்று ஊசிக்கு ஆறு மாதம் ஆகும் என்பதால் முதல் ஊசியை இப்போதே போடுங்கள். ஊரில் பிசிஜி போட்டவர்களுக்குத் தோல் வழி காசநோய்ப் பரிசோதனை சில நேரம் வீணாகப் பாசிட்டிவ் காட்டி, எக்ஸ்ரே, டாக்டர் கடிதம் என்று இழுத்தடிக்கும். ரத்தப் பரிசோதனையான குவான்டிஃபெரான் எடுத்துக்கொள்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.