பிராகில் நாலு மணி அந்தி – கடிதம்

வணக்கம்,

டிசம்பர் நடுவில் மூன்று நாள் செக் தலைநகர் பிராக் போகிறோம். அம்மாவும் வருகிறார், வயது 62. அங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும் என்கிறார்கள். சாயங்காலம் நடக்க நேரம் இருக்குமா? எங்கிருந்து தொடங்குவது? குளிருக்கு என்ன போட்டுக்கொள்ள?

வி.

அன்புள்ள வி.,

மதியச் சாப்பாட்டை இழுத்தடிக்காவிட்டால் நேரம் உண்டு. அப்போது அங்கே சூரியன் மறைவது சுமார் 4 மணிக்கு. ஆனால் நம்மூர் மாதிரி சட்டென்று இருட்டாது, வெளிச்சம் வடிய முக்கால் மணி நேரமாவது ஆகும். 4.20லிருந்து 4.40 வரை வானம் மை நீலமாக இருக்கும், விளக்குகளும் எரியும். அந்த இருபது நிமிஷம் ஆற்றின் மேலுள்ள பழைய கல்பாலமான சார்லஸ் பாலத்தில் இருங்கள். மற்றதை அதற்கேற்ப வகுத்துக்கொள்ளலாம்.

மேட்டில் நடந்து ஏறாதீர்கள், மேலிருந்து பாலத்தை நோக்கி நடந்து இறங்குங்கள். மேலே போக 22ஆம் எண் டிராமில் போஹோர்ஜெலெட்ஸ் நிறுத்தம். காகித டிக்கெட் என்றால் ஏறியதும் மஞ்சள் பெட்டியில் செருகி முத்திரை வாங்குங்கள், இல்லையேல் அபராதம். 3.15க்கு ஸ்ட்ராஹோவ் மடத்தருகே நின்று ஊரைப் பார்த்துவிட்டு, 3.45க்கு நெருடோவா தெரு வழியாக இறங்கலாம். அங்கே வாசல்களுக்கு மேலே மூன்று பிடில், இரண்டு சூரியன் என்று சின்னங்கள் இருக்கும். 1770இல் கதவிலக்கம் வரும்வரை அவைதான் விலாசம். நின்று பாருங்கள். அண்ணாந்தபடி நடந்தால் வழுக்கும்: தெரு செங்குத்துச் சரிவு, கல் தேய்ந்து வழவழப்பானது, பகலில் உருகிய பனி சாயங்காலம் மறுபடி உறையும். அம்மாவுக்கு ஆழமான பள்ளம் வெட்டிய ரப்பர் அடி ஷூ, சுவரோரமாகச் சின்ன அடிகள்.

பாலம் 516 மீட்டர். நடுவில் கூட்டத்தோடு நிற்காமல் பழைய நகரக் கரைவரை போய்த் திரும்பிப் பாருங்கள். வலப்பக்கம் கோட்டை, இடப்பக்கம் பெட்ரின் குன்று. அந்திச் சிவப்பு குன்றின் பக்கம்தான் இருக்கும், ஏனென்றால் குளிர்காலச் சூரியன் தென்மேற்கில் மறைகிறது. கோட்டைக்குப் பின்னால் சூரியன் விழும் படங்கள் கோடையில் எடுத்தவை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் தொப்பியும் மேலங்கியும் அணிந்த ஒருவர் நீளக் கோலோடு வந்து, பாலத்தின் எரிவாயு விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றுவார். அவர் பின்னாலேயே மெதுவாகப் போகலாம்.

குளிர் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், ஆற்றங்காற்று அதைக் கூட்டும். பருத்தி பனியனைத் தவிர்த்துவிடுங்கள். இறங்கும்போது வேர்த்து, பாலத்தில் நின்றதும் அந்த ஈரம்தான் நடுக்கும். உடம்போடு மெல்லிய கம்பளி, அதன்மேல் ஸ்வெட்டர், வெளியே காற்றுப் புகாத கோட்டு. போனை உள்பையில் வையுங்கள், குளிரில் சார்ஜ் கடகடவென்று இறங்கும். காபிக் கடைக்குள் நுழையுமுன் கேமராவைப் பைக்குள் மூடிவிடுங்கள், லென்ஸில் நீர் கோக்கும். அரை மணி கழித்துத் திறக்கலாம்.