பல்கோணிகளை இனங்காணல்: பக்கமா, கோணமா?

கேள்வி: ஒன்பதாம் தரத்தில் படிக்கும் என் மகள், ஐந்து பக்கங்களும் சமமான ஓர் உருவை வரைந்து ‘ஒழுங்கான ஐங்கோணி’ என்று பெயரிட்டிருந்தாள். ஆசிரியர் அதைப் பிழை என்று குறித்துவிட்டார். அடிமட்டத்தால் அளந்தபோது பக்கங்கள் சமமாகவே இருந்தன. பிழை எங்கே? யாழ்ப்பாணக் கோட்டையும் ஐங்கோணிதானே? — வாசகி, சுன்னாகம்

பதில்: ஆசிரியர் குறித்தது சரியே. பக்கங்களின் எண்ணிக்கை ஒரு பல்கோணிக்குப் பெயரைத் தருகிறது. அதை ஒழுங்கானது என்று சொல்வதற்கோ பக்கங்கள் யாவும் சமமாக இருப்பதோடு அகக்கோணங்கள் யாவும் சமமாக இருக்க வேண்டும். முக்கோணியில் மட்டும் ஒன்று அமைந்தால் மற்றதும் தானாக அமைந்துவிடும். சம நீளமான மூன்று ஈர்க்குகளை நுனிகளில் நூலால் முடிந்து பார்த்தால், அந்த உரு அசையாது. நான்கு ஈர்க்குகளை முடிந்தாலோ, சதுரமாக வைத்தது மெல்லத் தள்ளியவுடன் சாய்சதுரமாகிவிடும். பக்கங்களில் ஒன்றும் மாறவில்லை, கோணங்களே மாறின. ஐந்து ஈர்க்குகளில் இந்த அசைவு இன்னும் கூடும்.

மகளின் உரு எப்படி இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் ஒரு சதுரத்தின் மேல் அதே பக்க நீளமுள்ள சமபக்க முக்கோணியை வைத்து, இடையிலுள்ள கோட்டை அழித்துவிட்டால், ஐந்து சமபக்கங்கள் கொண்ட வீட்டு வடிவம் கிடைக்கும். அதன் அகக்கோணங்கள் 90, 90, 150, 60, 150 பாகை. கூட்டுத்தொகை 540 பாகை என்பதால் அது ஐங்கோணி என்பதில் ஐயமில்லை. கோணங்கள் ஒவ்வொன்றும் 108 பாகையாக இல்லாததால் அது ஒழுங்கானதன்று. மறுபக்கமாக, செவ்வகத்தில் கோணங்கள் நான்கும் சமமாக இருந்தும் பக்கங்கள் சமமாக இல்லை. ஆகவே அடிமட்டத்தை வைத்த கையோடு பாகைமானியையும் எடுக்கும் பழக்கம் பிள்ளைக்கு வர வேண்டும் என்று உறுதியாக விரும்புகிறேன்.

540 என்ற எண், பக்கங்களின் எண்ணிக்கையில் 2 ஐக் கழித்து 180 ஆல் பெருக்கினால் வருவது. உருவினுள்ளே மூலைவிட்டங்கள் வரைந்து அதை முக்கோணிகளாகப் பிரித்தால் இதன் காரணம் விளங்கும்: ஐங்கோணியில் மூன்று முக்கோணிகள், அறுகோணியில் நான்கு.

இனிக் கோட்டைக்கு வருவோம். போர்த்துக்கேயர் கட்டிய நாற்பக்கக் கோட்டையை 1658 இல் கைப்பற்றிய ஒல்லாந்தர், பின்னர் அதை ஐங்கோண வடிவில் மாற்றியமைத்து, மூலைக்கு ஒன்றாக ஐந்து கொத்தளங்களை எழுப்பினர். கொத்தளங்களை விட்டுவிட்டு மதில்களை மட்டும் நீட்டிப் பார்த்தால் அது ஐங்கோணிதான். ஆனால் கொத்தளங்களின் விளிம்பையும் சேர்த்துக் கோட்டுப்படமாக வரைந்தால் விடை மாறுகிறது. ஒவ்வொரு கொத்தளத்திலும் கூரிய முனையில் சந்திக்கும் இரண்டு முகங்களும், அவற்றை மதிலோடு இணைக்கும் இரண்டு விலாக்களுமாக நான்கு பக்கங்கள் உண்டு. ஐந்து கொத்தளங்களுக்கு 20, இடையிலுள்ள மதில்கள் 5, ஆக 25 பக்கங்கள். விலா மதிலைச் சந்திக்கும் பத்து இடங்களிலும் அகக்கோணம் 180 பாகையைத் தாண்டிப் பின்வளைகோணமாகிறது. எனவே இது குழிவுப் பல்கோணி. அப்படியிருந்தும் மேற்சொன்ன விதி இதற்கும் பொருந்தும்: 23 ஐ 180 ஆல் பெருக்க, அகக்கோணங்களின் கூட்டுத்தொகை 4140 பாகை. குவிவுப் பல்கோணிகளை மட்டுமே வரைந்து பழகிய மாணவர்களுக்கு இந்தக் கோட்டையின் தரைப்படத்தைவிட நல்ல பயிற்சி நம் ஊரில் வேறில்லை.

கேள்வி: அகக்கோணம் மட்டும் தரப்பட்டால் ஒழுங்கான பல்கோணியின் பக்கங்களைக் கண்டுபிடிக்கலாமா? — மாணவர், சாவகச்சேரி

பதில்: முடியும். அகக்கோணத்தை 180 இலிருந்து கழித்தால் புறக்கோணம் வரும். புறக்கோணங்களின் கூட்டுத்தொகை எப்போதும் 360 பாகை என்பதால், 360 ஐ அதனால் வகுக்க வேண்டும். அகக்கோணம் 140 எனில் புறக்கோணம் 40, பக்கங்கள் 9. விடை முழு எண்ணாக வராவிட்டால் அப்படியொரு ஒழுங்கான பல்கோணியே இல்லை: 155 பாகைக்கு 14.4 பக்கங்கள் வருவதால் அது பொருந்தாது, 156 பாகைக்கு 15 பக்கங்கள் வருவதால் பொருந்தும்.