கடைசி நாட்களும் யூத ஜனமும்: ஏற்காடு முகாமில் வந்த கேள்விகள்

ஏற்காட்டில் மூன்று நாள் வேதபாடம் முடிந்து கேள்விப் பெட்டியைத் திறந்தபோது, பாதிச் சீட்டுகள் இந்த விஷயத்தைப் பற்றித்தான் இருந்தன. மழையில் கரண்ட் போய்விட்டதால் அன்றிரவு சொல்ல முடியாமல் விட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஐயா, 1948ல் இஸ்ரவேல் தேசம் உருவானதுதான் இயேசு உவமையில் சொன்ன அத்திமரம் துளிர்த்தது, அதைப் பார்த்த தலைமுறை ஒழியுமுன் அவருடைய இரண்டாம் வருகை என்கிறார்கள். ஒரு தலைமுறைக்கு எண்பது வருஷம் என்றால் 2028. மகளுக்கு வரன் பார்ப்பதா வேண்டாமா என்று குழப்பமாக இருக்கிறது. (அஸ்தம்பட்டி சகோதரி)

வரன் பாருங்கள் அம்மா, தள்ளிப் போடாதீர்கள். தலைமுறைக்கு நாற்பது வருஷம் என்று வைத்து முதலில் 1988 என்றார்கள். அது போனதும் எழுபது, இப்போது சங்கீதம் 90ஐக் காட்டி எண்பது. மத்தேயு 24ல் வரும் அதே உவமையை லூக்கா 21:29ல் வாசித்துப் பாருங்கள்: அத்திமரத்தோடு மற்றெல்லா மரங்களும் வருகின்றன. அத்திமரம் இஸ்ரவேல் என்றால் மற்ற மரங்கள் யார்? துளிர்விட்டால் கோடை கிட்டே வந்துவிட்டது, அவ்வளவுதான் உவமை. நாளும் நாழிகையும் பிதா ஒருவருக்கே தெரியும் என்று மத்தேயு 24:36 சொல்கிறது. 1988ல் ஒரு பிரசங்கியார் பேச்சைக் கேட்டு மகனைக் காலேஜில் சேர்க்காமல் விட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இரகசிய வருகை ஆதிசபையின் போதனையா? (சூரமங்கலம் தம்பி)

கிறிஸ்து வந்து பூமியில் ஆயிரம் வருஷம் ஆளுவார் என்று எதிர்பார்த்தவர்கள் இரண்டாம் நூற்றாண்டிலேயே இருந்தார்கள். அக்காலச் சபை ஆசிரியர்களான ஜஸ்டின், ஐரேனியு இருவரும் அப்படித்தான். ஐந்தாம் நூற்றாண்டில் எழுதிய ஆயர் அகஸ்டின் காலத்துக்குப் பிறகு அந்த ஆயிரம் வருஷத்தைச் சபையின் காலமாகப் பார்ப்பது பெருவழக்கானது. ஆனால் நீ கேட்ட இரகசிய வருகை, அதாவது கடைசிக் கால ஏழு வருஷ உபத்திரவத்துக்கு முன் சபை இரகசியமாகப் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும், அப்புறம் தேவன் யூதர்களிடம் திரும்புவார் என்ற வரிசை 1830களில் ஜான் நெல்சன் டார்பி என்ற பிரசங்கியார் வழியாகப் பரவியது. 1909ல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமக் குறிப்புகள் அதை உலகமெங்கும் கொண்டுபோயின. அதை நம்புகிறவர்கள் 1 தெசலோனிக்கேயர் 4:17ஐக் காட்டுகிறார்கள். நம்பட்டும், ஆனால் நம்பாதவரை அவிசுவாசி என்று சொல்லக் கூடாது.

யூதர்கள் மேசியாவைத் தள்ளிவிட்டார்கள், இனி சபைதான் இஸ்ரவேல் என்று கேட்டு வளர்ந்தேன். சரிதானா? (வாழப்பாடி விவசாயி)

நீங்கள் விவசாயி என்பதால் உங்களுக்கு இது சீக்கிரம் புரியும் அண்ணா. எங்கள் அப்பா அயோத்தியாப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருந்தார். நாட்டு மாங்கன்றைச் சீவி, மல்கோவாக் குச்சியைப் பொருத்தி, இறுக்கிக் கட்டுவார். ஒட்டுக்குக் கீழே நாட்டு மரம் துளிர்விட்டால் உடனே கிள்ளிப் போடுவார். வேர் நாட்டுவேர், மேலே உயர்ந்த சாதிக் குச்சி. ரோமர் 11ல் பவுல் சொல்வது இதற்குத் தலைகீழ்: நல்ல ஒலிவமரத்தில் காட்டொலிவக் கிளை. வழக்கமாக யாரும் அப்படி ஒட்டுக் கட்ட மாட்டார்கள். "சுபாவத்திற்கு விரோதமாய்" என்று பவுலே ஒத்துக்கொள்கிறார். புறஜாதியாரான நாம்தான் அந்தக் காட்டுக் குச்சி. ஆபிரகாமின் வேர் நம்மைச் சுமக்கிறது, அதனால் முறிந்த கிளைகளைப் பார்த்துப் பெருமைபாராட்டாதே என்கிறார். முறிந்தவற்றைத் திரும்ப ஒட்டவும் தேவன் வல்லவர்.

இந்த எச்சரிப்பைச் சபை கேட்கவில்லை. 1543ல் சபைச் சீர்திருத்தத் தலைவர் மார்ட்டின் லுத்தர் யூதர்களின் ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதினார். நாஜிகள் அந்த எழுத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். அமெரிக்காவின் பெரிய லுத்தரன் சபை 1994ல் அதை வெளிப்படையாகத் தள்ளியது. வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ரோமர் 11:26ல் வரும் "இஸ்ரவேலரெல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள்" என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வின் அதை யூதரும் புறஜாதியாரும் சேர்ந்த முழுச் சபை என்று கொண்டார். காலங்காலமாக விசுவாசிக்கிற யூதர்கள் என்பது இன்னொரு கருத்து. கடைசியில் யூத ஜனம் பெருந்திரளாகத் திரும்பும் என்பது மூன்றாவது. அதிகாரத்தின் ஓட்டத்தோடு மூன்றாவதே சேர்கிறது என்பது என் எண்ணம்.

கத்தோலிக்கர்களான நாங்கள் என்ன நம்புகிறோம்? (ஏற்காடு ஆசிரியை)

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ல், இயேசுவின் பாடுகளுக்கு எல்லா யூதர்கள் மீதும் பழி போடக் கூடாது என்று அறிவித்தது. உங்கள் மறைக்கல்வி நூலின் 674ஆம் எண், மெசியாவின் மகிமையான வருகையை இஸ்ரயேல் முழுவதும் அவரை ஏற்பதோடு இணைக்கிறது. ஆதாரம் அதே உரோமையர் 11தான்.

எருசலேமில் யூதர்களின் மூன்றாம் ஆலயம் கட்டினால்தான் இயேசு வருவாரா?

2 தெசலோனிக்கேயர் 2:4ஐ வைத்துச் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் "ஆலயம்" என்பதற்கு அங்கே உள்ள அதே கிரேக்கச் சொல்லைத்தான் 1 கொரிந்தியர் 3:16ல் பவுல் சபைக்குச் சொல்கிறார். கட்டடத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இஸ்ரவேலில் யுத்தம் என்று செய்தி வந்தால் எங்கள் ஜெபக் கூட்டத்தில் கைதட்டி ஸ்தோத்திரம் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் மனது ஒட்டவில்லை. (ஆத்தூர் தங்கை)

உன் மனது சரியாகத்தான் இருக்கிறது அம்மா. தன் ஜனத்தை நினைத்து இடைவிடாத மனவேதனை உண்டு என்று பவுல் ரோமர் 9ல் எழுதினார். சாகிறவர்களில் யூதப் பிள்ளைகளும் உண்டு, பாலஸ்தீனப் பிள்ளைகளும் உண்டு; பெத்லகேமில் இன்றும் அரபு பேசும் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கின்றன. எருசலேமுக்கு வரப்போகும் அழிவு ஆண்டவருக்கு முன்கூட்டியே தெரியும். நகரத்தைப் பார்த்து அவர் அழுதார், லூக்கா 19:41. அடுத்த கூட்டத்தில் அந்த வசனத்தை நீயே சத்தமாக வாசி.