அப்பாவுக்கு ஆஸ்துமா, அம்மாவுக்கு அடுக்குத் தும்மல்: பிள்ளைக்கும் வருமா?

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பிணி நான். தூசி பட்டாலே எனக்கு அடுக்குத் தும்மல். கணவருக்குச் சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா, இறாலும் ஆகாது. குழந்தைக்கும் இதெல்லாம் வருமா? இப்போதிருந்தே வேர்க்கடலை, முட்டை வேண்டாம் என்கிறார் மாமியார். மரபணுப் பரிசோதனை செய்யலாமா? — வாசகி, திருச்சி

பதில்: உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதென்றால் வேர்க்கடலையும் முட்டையும் தாராளமாகச் சாப்பிடுங்கள். மாமியாரின் அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். அலர்ஜி உள்ள குடும்பத்துக் கர்ப்பிணிகள் வேர்க்கடலையைத் தவிர்க்கலாம் என்று 1998-இல் பிரிட்டன் அரசே சொன்னது. பலன் இருப்பதற்கு ஆதாரம் கிடைக்காததால் 2009-இல் அதைக் கைவிட்டது.

பிள்ளைக்குப் போவது இறால் அலர்ஜியோ ஆஸ்துமாவோ அல்ல, ஒவ்வாமைக்கு ஆளாகும் உடல்வாகு. பெற்றோர் இருவருக்கும் இருப்பதால் வாய்ப்பு கூடுதல்தான். ஆனால் அது கரப்பானாக (தோல் வறண்டு அரிக்கும் எக்ஸிமா) வரலாம், தும்மலோடு நிற்கலாம், வராமலே போகலாம். 2000-இல் அமெரிக்காவில் வேர்க்கடலை அலர்ஜி உள்ள இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். ஒரே கருவில் உருவான ஜோடிகளில் சுமார் 64% பேரில் இருவருக்குமே அது இருந்தது; தனித்தனிக் கருவில் உருவானவர்களில் சுமார் 7% தான். மரபணுவின் கை ஓங்கியிருப்பது உண்மை. அதே மரபணு இருந்தும் தப்பித்தவர்களும் அங்கே உண்டு என்பதைக் கவனியுங்கள்.

இதில் பங்குள்ள மரபணுக்கள் பல. நான் முக்கியமாகக் கருதுவது தோலின் மேலடுக்கைக் கட்டுக்கோப்பாக வைக்கும் ஃபிலாக்ரின். அதில் குறை இருந்தால் தோல் வறண்டு, கரப்பான் வரும் வாய்ப்பு கூடும் என்பது 2006-இல் தெரியவந்தது. வெடித்த தோல் வழியாக உணவுத் துகள் உள்ளே போனால் உடலின் எதிர்ப்பு மண்டலம் அதை எதிரியாகப் பழகிக்கொள்ளும். வாய் வழியாகக் குடலுக்குப் போனால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். அதனால்தான் குழந்தையின் தோலைக் கவனிக்கச் சொல்கிறேன். எல்லாக் குழந்தைக்கும் தினமும் க்ரீம் தடவினால் கரப்பானைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கை, 2020-இல் வெளியான பெரிய ஆய்வில் பலிக்கவில்லை. கரப்பான் வந்துவிட்டால் மட்டும் நாள் கடத்தாமல் வைத்தியம் பாருங்கள்.

உணவு விஷயத்தில் லண்டன் ஆய்வு ஒன்று (2015) எங்கள் யோசனையையே மாற்றியது. கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ உள்ள 640 குழந்தைகளில் பாதிப்பேருக்கு 4 முதல் 11 மாதத்துக்குள் வேர்க்கடலை கொடுக்கத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் தோல் சோதனையில் எதுவும் காட்டாதவர்களில், ஐந்து வயதில் வேர்க்கடலை அலர்ஜி வந்தது சாப்பிட்டவர்களுக்கு 1.9%, தவிர்த்தவர்களுக்கு 13.7%. எனவே ஆறு மாதத்தில் இணை உணவு தொடங்கும்போது வேகவைத்த முட்டையையும், நைசாக அரைத்துக் கூழில் கலந்த வேர்க்கடலையையும் தள்ளிப்போடாதீர்கள். முழுக் கடலை கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கும். கடுமையான கரப்பான் இருந்தால் முதலில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

மரபணுப் பரிசோதனை வேண்டாம். ஃபிலாக்ரின் குறை உள்ள பலருக்கு அலர்ஜி வருவதில்லை, குறையே இல்லாத பலருக்கு வருகிறது. முடிவு எதுவானாலும் நீங்கள் செய்ய வேண்டியது மாறாது. வீட்டில் யாராவது புகைபிடித்தால் அதை நிறுத்துவது பலமடங்கு உதவும்.

புது உணவைப் பகலில், சிறிதளவில் தொடங்குங்கள். உதடோ முகமோ வீங்கினாலும், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலும், மூச்சு இழுத்தாலும், குழந்தை துவண்டாலும் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.