வாட்ச் காட்டும் எண்ணுக்காக மிதிக்காதீர்கள்

கேள்வி: வயது 54. ஐந்து மாதங்களுக்கு முன் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். மெட்டோபுரோலால், ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறேன். தினமும் 40 நிமிடம் நடக்கிறேன், சிரமமில்லை. இப்போது சைக்கிள் வாங்கியிருக்கிறேன். 220-இல் வயதைக் கழித்தால் வரும் உச்ச நாடித்துடிப்பு 166. அதில் 70 சதவீதம், அதாவது 116 வரை நாடித்துடிப்பு ஏற வேண்டும் என்கிறார்கள். எவ்வளவு மிதித்தாலும் என் வாட்ச் 100-ஐத் தாண்டவில்லை. வேகத்தைக் கூட்டலாமா? – வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: வேண்டாம். நீங்கள் சாப்பிடும் மெட்டோபுரோலால் ஒரு பீட்டா பிளாக்கர். அட்ரினலின் இதயத்தை விரட்டாமல் தடுப்பதுதான் அதன் வேலை. அதனால் உடல் நன்றாக உழைக்கும்போதும் துடிப்பு குறைவாகவே தெரியும். 220 கணக்கு இந்த மாத்திரை சாப்பிடாதவர்களுக்கானது. அவர்களுக்கே அது தோராயம்தான். 116-ஐத் தொட்டே தீருவது என்று மிதித்தால், உங்கள் இதயம் தாங்கும் அளவைத் தாண்டிவிடுவீர்கள். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி வரலாம், மாரடைப்புகூட வரலாம்.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? வாய்ப்பாடு போதும். மிதித்துக்கொண்டே 'ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு' என்று உரக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வரி தடையில்லாமல் வந்தால் சரியான வேகம். சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கினால் குறையுங்கள். துல்லியமான எண்தான் வேண்டுமென்றால், வழக்கமான மாத்திரையோடு டிஎம்டி (டிரெட்மில்லில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் பரிசோதனை) எடுத்து, எத்தனை துடிப்பு வரை போகலாம் என்று உங்கள் இதய மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்டென்டுக்குப் பிறகு அந்தப் பரிசோதனை எடுக்கவே இல்லையென்றால், சைக்கிளுக்கு முன் அதைப் பற்றிப் பேசிவிடுவது நல்லது.

உங்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று! ஆனி, ஆடியில் எதிர்க்காற்றில் மிதிப்பது மேடு ஏறுவதற்குச் சமம். அந்த மாதங்களில் முதல் பத்து நிமிடம் காற்று குறைவான தெருக்களில் மெதுவாகச் சுற்றி உடலைச் சூடாக்குங்கள். பிறகு மேற்கே போங்கள். திரும்பும்போது, களைத்த நேரத்தில், காற்று முதுகைத் தள்ளும். கியர் இருந்தால் லேசானதில் வையுங்கள். மேம்பாலத்தில் மூச்சைப் பிடித்து அழுத்தாமல் இறங்கித் தள்ளுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. முதல் இரண்டு வாரம் 15 நிமிடம் போதும். வீட்டு வாசலில் சட்டென்று நிறுத்தாமல் ஐந்து நிமிடம் மெதுவாக மிதித்து முடியுங்கள். இல்லையென்றால் ரத்தம் காலிலேயே தங்கி, தலை சுற்றும்.

ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேரும்போது ரத்தம் எளிதில் உறையாது. அதனால் ஹெல்மெட் கட்டாயம். விழுந்து தலையில் அடிபட்டால், காயமே தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத குளிர் வியர்வை, இவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே இறங்கி உட்காருங்கள். சர்க்கரை நோயும் இருந்தால் வலியே இல்லாமல் மூச்சுத் திணறல் மட்டும் வரலாம். நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை கொடுத்திருந்தால் உட்கார்ந்தபடியே வையுங்கள். நின்றுகொண்டு வைத்தால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம். ஐந்து நிமிடத்தில் குறையவில்லையா, மாத்திரையே கைவசம் இல்லையா, 108-ஐ அழையுங்கள். வீடு பக்கம்தானே என்று மறுபடி சைக்கிளில் ஏறாதீர்கள்.