அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற ஆல்பம் ஈகிள்ஸ் என்ற ராக் இசைக்குழுவின் பழைய பாடல்களைத் திரட்டிய ஒரு தொகுப்பு என்கிறார்களே, அது எப்படிச் சாத்தியமாயிற்று? அந்தப் பெருமைக்கு அது தகுதியானதுதானா?

செய்தி உண்மைதான். 1976 பிப்ரவரி 17 அன்று அசைலம் நிறுவனம் வெளியிட்ட 'தெர் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் 1971–1975' என்ற அந்தத் தொகுப்புக்கு, 2018 ஆகஸ்டில் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் 38 மடங்கு பிளாட்டினம் சான்றிதழ் வழங்கியது. ஒரு பிளாட்டினம் என்பது பத்து லட்சம் பிரதிகள். ஆகவே கணக்குப்படி 3 கோடியே 80 லட்சம். அப்போது 33 மடங்கில் நின்றிருந்த மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. உலகக் கணக்கில் இன்றும் 'த்ரில்லர்'தான் முதலிடம் என்பதால், ஈகிள்ஸின் பெருமை அமெரிக்க எல்லைக்குள் அடங்கியது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

தகுதி உண்டா என்ற கேள்விக்கு என் பதில்: உண்டு. அந்தத் தகுதி வந்த வழிதான் விசித்திரமானது. குழுவின் விருப்பத்துக்கு மாறாக, வணிகக் காரணத்துக்காக நிறுவனம் அவசரமாகத் தொகுத்து வெளியிட்ட இந்தப் பத்துப் பாடல்கள், அவை எடுக்கப்பட்ட நான்கு ஆல்பங்களில் எதைக் காட்டிலும் நல்ல ஆல்பமாக அமைந்துவிட்டன என்பது என் கருத்து.

அந்தக் காலத்து நிலைமையைக் கொஞ்சம் பார்க்கலாம். 1971இல் பாடகி லிண்டா ரான்ஸ்டாட்டுக்குப் பின்னணி வாசிக்கச் சேர்ந்த கிளென் ஃப்ரே, டான் ஹென்லி, பெர்னி லெடன், ரேண்டி மைஸ்னர் ஆகிய நால்வர் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய குழு இது. 1974இல் கிதார் கலைஞர் டான் ஃபெல்டர் ஐந்தாமவராக வந்து சேர்ந்தார். 1975இல் வெளிவந்த 'ஒன் ஆஃப் தீஸ் நைட்ஸ்' ஆல்பம் அமெரிக்க இசை விற்பனையை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்குச் சென்றது; அந்த ஆண்டு இறுதியிலேயே லெடன் குழுவை விட்டு வெளியேற, அவர் இடத்துக்கு ஜோ வால்ஷ் வந்தார். அடுத்த ஆல்பமான 'ஹோட்டல் கலிபோர்னியா'வின் ஒலிப்பதிவு 1976ஆம் ஆண்டின் பெரும்பகுதியை விழுங்கி, அந்த டிசம்பரில்தான் ஆல்பம் கடைக்கு வந்தது. புகழின் உச்சியில் நிற்கும் குழுவிடமிருந்து ஒன்றரை ஆண்டு எந்தச் சரக்கும் வராது என்றால் எந்த நிறுவனமும் கையைக் கட்டிக்கொண்டு இருக்காது. ஏற்கெனவே பதிவாகி, ஏற்கெனவே வானொலியில் புகழ்பெற்றிருந்த பாடல்களைத் தொகுத்து வெளியிட அசைலத்துக்குக் கூடுதல் செலவும் அதிகமில்லை.

அந்த நேரமும் வாய்த்தது. பத்து லட்சம் விற்ற ஆல்பங்களுக்கு பிளாட்டினம் என்ற விருதை அந்தத் தொழில் சங்கம் 1976இல்தான் அறிமுகப்படுத்தியிருந்தது. வெளியான ஒரே வாரத்தில், அதாவது பிப்ரவரி 24 அன்று, அந்த விருதைப் பெற்ற முதல் ஆல்பம் இதுவே. பில்போர்டு பட்டியலில் ஐந்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

இப்போது பாடல்களுக்கு வருகிறேன். 1972இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து மூன்று, 1973இன் 'டெஸ்பராடோ'விலிருந்து இரண்டு, 1974இன் 'ஆன் தி பார்டர்' ஆல்பத்திலிருந்து இரண்டு, 'ஒன் ஆஃப் தீஸ் நைட்ஸ்' ஆல்பத்திலிருந்து மூன்று என்று எடுத்திருக்கிறார்கள். ஆனால் கால வரிசையில் அடுக்கவில்லை. இந்தத் தொகுப்பின் உயிர் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். முதல் பக்கம் 'டேக் இட் ஈஸி'யின் கிதார் வீச்சோடு தொடங்குகிறது. அந்தப் பாட்டின் பிற்பகுதியில் லெடனின் பாஞ்சோ என்ற நாட்டுப்புற நரம்பு வாத்தியம் இரட்டை வேகத்தில் உள்ளே நுழைவதைக் கவனித்துக் கேளுங்கள். ராக் பாடலாக ஓடிக்கொண்டிருந்தது அந்த இடத்தில் சட்டென்று கிராமத்துப் பாதைக்குத் திரும்பிவிடும். அதே பக்கத்தின் முடிவில் 'டெஸ்பராடோ' வருகிறது: பியானோ, ஹென்லியின் குரல், பின்னால் பெரிய இசைக்குழுவின் நரம்பிசை. இசைத்தட்டைத் திருப்பிப் போட்டால், 'ஒன் ஆஃப் தீஸ் நைட்ஸ்' பாட்டின் பாஸ் கிதார் அடித்தளத்திலிருந்து எழுந்து வருகிறது. 1973க்கும் 1975க்கும் இடையில் இந்தக் குழு எவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டது என்பது அந்த ஒரு திருப்பத்திலேயே விளங்கிவிடுகிறது. இதைக் குறுவட்டிலோ கைப்பேசியிலோ கேட்பவர்களுக்கு அந்த இடைவெளி கிடைப்பதில்லை, என்ன செய்வது.

பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 'டேக் இட் டு தி லிமிட்'. மூன்று தாளக்கட்டில் செல்லும் இந்தப் பாட்டை மைஸ்னர் பாடுகிறார். முடிவை நெருங்க நெருங்க அவர் குரல் ஒவ்வொரு படியாக மேலே ஏறி, மற்றவர்கள் கீழே நின்று பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாட, உச்சியில் தனியாக நிற்கிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு முறை எட்டிப்பிடித்த அந்த உயரத்தை மேடையில் இரவுக்கு இரவு எட்ட வேண்டியிருந்தது அவருக்குப் பெரும் பாரமாயிற்று. 1977இல் அவர் குழுவை விட்டு விலகியதற்கு, இந்தப் பாட்டைப் பாடுவது குறித்து எழுந்த சண்டையும் ஒரு காரணம்.

'பெஸ்ட் ஆஃப் மை லவ்' பாட்டின் கதையும் சுவையானது. முதல் இரண்டு ஆல்பங்களை லண்டனில் தயாரித்தவர் கிளின் ஜான்ஸ். ரோலிங் ஸ்டோன்ஸ் போன்ற குழுக்களோடு வேலை செய்தவர். ஈகிள்ஸின் பலம் குரல்களின் இணைவில்தான் இருக்கிறது என்பது அவர் முடிவு. குழுவினரோ, குறிப்பாக ஃப்ரே, இன்னும் முரட்டுத்தனமான ராக் ஒலியை விரும்பினர். ஆகவே மூன்றாவது ஆல்பத்தின் நடுவிலேயே அவரை விட்டுவிட்டு, பில் சிம்சிக் என்ற தயாரிப்பாளரிடம் சென்றார்கள். ஜான்ஸ் பதிவுசெய்த இரண்டே பாடல்கள் அந்த ஆல்பத்தில் தங்கின. அவற்றுள் ஒன்றான 'பெஸ்ட் ஆஃப் மை லவ்', 1975 மார்ச்சில் குழுவின் முதல் முதலிடப் பாடலாயிற்று! சிம்சிக்கின் 'ஆல்ரெடி கான்' 32ஆம் இடத்தோடு நின்றது. இருவர் வேலையும் அருகருகே கிடைப்பதால், யார் சொன்னது சரி என்று இந்தத் தொகுப்பைக் கேட்பவர் தாமே முடிவுசெய்துகொள்ளலாம். நான் ஜான்ஸ் பக்கம்.

இந்த வெளியீட்டின் மீது டான் ஹென்லிக்கு இருந்த வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். பாடல்களை அவற்றின் சூழலிலிருந்து பிடுங்கிவிட்டார்கள் என்பது அவர் குறை. 'டெஸ்பராடோ' ஆல்பம் டூலின்–டால்டன் என்னும் பழைய மேற்கத்தியக் கொள்ளைக் கூட்டத்தின் கதையை ராக் இசைக்கலைஞனின் வாழ்க்கையோடு பொருத்திச் சொல்லும் தொடர் ஆல்பம். அதிலிருந்து 'டெஸ்பராடோ', 'டெக்கீலா சன்ரைஸ்' ஆகிய இரண்டை மட்டும் உருவினால் கதை அறுந்துபோகும் என்பது நியாயமே. ஆனால் அந்த ஆல்பம் 1973இல் 41ஆம் இடத்தைத் தாண்டவில்லை. 'டெக்கீலா சன்ரைஸ்' 64ஆம் இடத்தில் நின்றது. 'டெஸ்பராடோ' சிங்கிளாக, அதாவது தனிப் பாடல் தட்டாக, வெளிவரவே இல்லை; அதே ஆண்டு லிண்டா ரான்ஸ்டாட் தம் ஆல்பத்தில் பாடிய பிறகே பலர் காதில் விழுந்தது. ஆக, 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்ற தலைப்பின் கீழ் வெற்றியே பெறாத இரண்டு பாடல்களை நிறுவனம் நுழைத்தது. ஈகிள்ஸ் பாடிய வடிவத்தை லட்சக்கணக்கானோர் வீட்டுக்குக் கொண்டு சேர்த்ததும் அந்தச் செயல்தான். ஹென்லியின் கோபம் கலைஞனாக நியாயமானது. பலனைப் பார்த்தால் நிறுவனத்துக்குத்தான் என் வாக்கு.

விற்பனை எண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2006இல் 29 மடங்காக இருந்த சான்றிதழ் 2018இல் ஒரே தாவலில் 38 ஆனது. பன்னிரண்டு ஆண்டுகளில் யாரும் வரிசையில் நின்று தொண்ணூறு லட்சம் தட்டுகளை வாங்கிவிடவில்லை. சான்றிதழ் தானாக வருவதில்லை. நிறுவனம் கணக்கைத் தணிக்கைக்குக் கொடுத்துக் கேட்டால்தான் கிடைக்கும். 2016 முதல் இணையத்தில் 1,500 முறை பாடல் ஒலித்தால் ஓர் ஆல்பம் விற்றதாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். கடைக் கல்லாவில் விற்பனையை நேரடியாக எண்ணும் முறை 1991இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு நிறுவனங்கள் கடைகளுக்கு அனுப்பிய எண்ணிக்கையே ஆதாரம். அதனால் 38 என்பதைத் துல்லியமான எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இசைத்தட்டில் வாங்கியவர்களே காருக்காக ஒலிநாடாவிலும், பிறகு குறுவட்டிலும் திரும்ப வாங்கியதும் இந்தக் கணக்கில் கலந்திருக்கிறது. அப்படித் திரும்பத் திரும்ப வாங்க வைத்தது என்பதே ஒரு தொகுப்புக்குச் சின்ன விஷயமல்ல.

நம்மில் பலர் 'ஹோட்டல் கலிபோர்னியா' பாட்டின் வழியாகவே இந்தக் குழுவை அறிந்தவர்கள். அந்தப் பாட்டு இதில் இருக்காது, பிறகு வந்தது. அதற்கு 1982இல் வந்த இரண்டாம் தொகுதிக்குத்தான் போக வேண்டும். 2003இல் வந்த 'தி வெரி பெஸ்ட் ஆஃப்' தொகுப்பில் எல்லாக் காலத்துப் பாடல்களுமாக 33 இருக்கின்றன. பணத்துக்கு அதுவே லாபம் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். ஆனால் லெடன் இருந்த காலத்து ஈகிள்ஸ், பாஞ்சோவும் மாண்டலினும் கலந்த அந்த நாட்டுப்புற ஒலியோடு முழுதாகக் கிடைப்பது இந்தப் பத்தில்தான். நீங்கள் இதிலிருந்து தொடங்குங்கள். பிடித்திருந்தால் அடுத்து 'டெஸ்பராடோ' ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரே அமர்வில் கேளுங்கள், ஹென்லி எதற்காகக் கோபப்பட்டார் என்பது அப்போது விளங்கும்.