கலை வரலாறு படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவது?

கலை வரலாற்றில் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறேன், கியூரேட்டர் (அருங்காட்சியகத்தில் கலைப்பொருட்களைத் தேர்ந்து, ஆய்ந்து, காட்சிப்படுத்தும் பொறுப்பாளர்) வேலையை விட்டால் வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் அதே பட்டத்தை வைத்துக்கொண்டு கியூரேட்டர் பதவிக்கு மட்டுமே ஒன்றரை வருடம் விண்ணப்பம் போட்டவன்தான். ஒரு நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடவில்லை. பெரிய அருங்காட்சியகங்களில் அந்த நாற்காலிக்குப் பெரும்பாலும் முனைவர் பட்டம் எதிர்பார்ப்பார்கள். அதில் உட்கார்ந்தவரும் லேசில் எழுந்திருப்பதில்லை.

கடைசியில் நான் உள்ளே போனது ரெஜிஸ்ட்ரார் பிரிவில் உதவியாளனாக. கல்லூரியில் இப்படி ஒரு வேலை இருப்பதையே யாரும் சொல்லவில்லை. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, யார் கொடுத்தது, இன்ஷூரன்ஸ், இரவல் ஒப்பந்தம் எல்லாம் இந்தப் பிரிவின் பொறுப்பு. கண்காட்சிக்கு இரவலாக ஓர் ஓவியம் வந்து இறங்கினால் பெட்டியை உடனே திறக்க மாட்டோம். புது இடத்தின் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் பழகட்டும் என்று வழக்கமாக 24 மணி நேரம் அப்படியே விட்டுவைப்போம். அப்புறம் திறந்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, கீறல், வெடிப்பு, உரிந்த வண்ணம் என்று ஒவ்வொன்றையும் கண்டிஷன் ரிப்போர்ட்டில் குறிப்போம். நீர்வண்ண ஓவியமாக இருந்தால் அதன் மேல் விழும் வெளிச்சம் 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவைத் தாண்டக்கூடாது. ஒரே படத்தைப் பார்த்து நான்கு பக்கம் எழுதச் சொல்லி வகுப்பில் வதைப்பார்களே, அந்தப் பழக்கம்தான் இங்கே சோறு போட்டது.

எனக்கு அதைவிடப் பிடித்த வேலை ஒன்று உண்டு. ஒரு பொருள் யார் யார் கை மாறி வந்தது என்று தேடும் புரவனன்ஸ் ஆய்வு. ஓவியத்தைத் திருப்பி வைத்துப் பின்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிள், ஏல எண், சுங்க முத்திரை இவற்றில் ஆரம்பித்து, பழைய ஏலக் கேட்டலாக், கடிதம் என்று பின்னோக்கிப் போக வேண்டும். நாஜிகள் பறித்த கலைப்பொருட்கள் குறித்து 1998-ல் 44 நாடுகள் வாஷிங்டனில் கூடிக் கொள்கைகளை வகுத்த பிறகு இந்த ஆய்வுக்கு முக்கியத்துவம் கூடியது. ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட் அடேல் ப்ளாக்-பாவர் என்ற பெண்மணியை வரைந்த, நாஜிகள் பறித்த ஓவியத்தை ஆஸ்திரியா 2006-ல் அந்தக் குடும்பத்தின் வாரிசுகளிடம் திருப்பிக் கொடுத்தது நினைவிருக்கலாம். ஏல நிறுவனங்களுக்கும் இந்த ஆட்கள் தேவை. திருட்டுப் பொருளை விற்றுவிட்டு வழக்கில் மாட்ட யாருக்கு ஆசை? ஜெர்மனோ பிரெஞ்சோ படிக்கத் தெரிந்தால் இதில் உங்கள் கை ஓங்கும்.

சரி, பட்டம் மட்டும் போதுமா? போதாது. 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரைப் பற்றிய நிபுணர் ஆபிரகாம் பிரெடியுஸ் 1937-ல் வெர்மீருடையது என்று உச்சிமுகர்ந்த ஓவியம், ஹான் வான் மீகரென் என்ற ஓவியர் வரைந்த போலி. 1945-ல் கைதான பிறகு மீகரெனே உண்மையைச் சொன்னார். வண்ணத்தில் 20ஆம் நூற்றாண்டுச் செயற்கைப் பிசின் கலந்திருந்ததை ஆய்வகச் சோதனையும் காட்டியது. கலை அறிந்த கண் மட்டும் போதாது, அதனால் கூடவே இன்னொன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். ஓவியங்களைச் செப்பனிடும் துறைக்குப் போக ஆசை என்றால் வேதியியல் (இதைத் தள்ளிப்போடாதீர்கள், பல இடங்களில் அது இல்லாமல் முதுகலையில் இடம் கிடைப்பது கஷ்டம்), ஏலத் துறை என்றால் சட்டமோ கணக்கோ, அருங்காட்சியகம் என்றால் தரவுத்தளம். கலைப் பதிப்பகம், பட உரிமை, ஆசிரியர் பணி எல்லாமும் இருக்கின்றன. அவற்றில் எனக்கு அனுபவமில்லை.

ஆரம்பச் சம்பளம் குறைவுதான். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பை ஒரு தடவைக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போதே செய்யக்கூடியது ஒன்று. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன்னிடமுள்ள காப்புரிமை இல்லாத படைப்புகளின் படங்களை 2017 முதல் யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டிருக்கிறது. அதிலிருந்து அதிகம் பேசப்படாத பத்துப் பொருட்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 150 சொல்லில் கேட்டலாக் குறிப்பு எழுதிவையுங்கள். என் நேர்காணலில் மதிப்பெண் பட்டியலை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. ஒரு பீங்கான் ஜாடியை மேசையில் வைத்து, "இருபது நிமிடம், பார்த்ததை எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.